விட்டுப்போன காலடிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் பழைய கணிதத்துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தத் தடவை நீங்க 'நடையும் நலமும்'னு ஒரு அரை மணி நேரம் பேசணும், மலர்லயும் போட்டுருவோம்" என்றார். ஏன் என்னைப் பிடித்தார் என்பது எங்கள் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் செட்டுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் ஞாயிறு தோறும் ஒரு பட்டியல் வரும். அந்த வாரம் யார் எத்தனை காலடி நடந்தார், யார் முதலிடம் என்று. போன வருஷம் நான்கு மாதம் அந்தப் பட்டியலில் முதல் மூன்று பேருக்குள் என் பெயர் இருந்தது. "சர்வேயர் இன்னமும் சங்கிலி இழுத்துக்கிட்டுத்தான் திரியிறாருப்பா" என்று நீங்கள் எல்லாரும் பாராட்டினீர்கள். கைதட்டுகிற பொம்மைகளையும் அனுப்பினீர்கள்.

நண்பர்களே, அந்த இடம் எனக்கு உரியது அல்ல. அதைச் சொல்வதற்காகத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

கைக்கடிகாரம் எண்ணாமல் விட்ட காலடிகளை நாமே கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வசதி இருக்கிறது. அந்த வசதியை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காகப் பயன்படுத்தினேன். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் நான். விரல் ஒன்று, பொத்தான் ஒன்று. ஆனால் ஒரு கணக்கு சரி, மற்றது தவறு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் என் பேச்சு.

இங்கே எழுபதுகளின் பிற்பகுதியில் கணிதம் படித்து முடித்து, நில அளவைத் துறையில் சேர்ந்தவன் நான். திருச்சுழிப் பக்கம் ஒரு சிறு கிராமம்தான் சொந்த ஊர். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே வந்து குடியேறிவிட்டோம். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த சர்வேயர் ஒருவர் இருந்தார். ஒருநாள் வெயில் தாங்காமல், ஒரு வரப்பு முனைக்கு அளவு எடுக்காமலே, பக்கத்து அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு ஃபீல்டு புக்கில் எழுதிவிட்டேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "தம்பி, எடுத்த அளவை எழுத மறந்தா அது பிழை, திரும்பப் போய் எடுத்துக்கலாம். எடுக்காத அளவை எழுதுனா அது பொய். அதுக்குமேல ரெண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும்" என்றார். ஃபீல்டு புக்கில் ரப்பர் போடக்கூடாது. தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன். அந்த ஆள்தான் போன வருஷம் கெட்டுப்போனேன்.

இனி, மனைவியின் கணக்கு.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் மகள் வந்தபோது ஆளுக்கொரு கடிகாரம் வாங்கி வந்தாள். நேரம் காட்டும், இதயத் துடிப்பு காட்டும், எத்தனை காலடி வைத்தோம் என்றும் காட்டும். அம்மா, அப்பா எவ்வளவு நடக்கிறார்கள் என்பதை அவள் அங்கே தன் போனில் பார்த்துக்கொள்வாள். என் மனைவிக்குச் சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனபோது மகள் சொல்படி போனைக் காட்டினோம். அதில் தினசரி 2,300 சொச்சம். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுல உக்காந்தே இருப்பீங்க போல? தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடங்க" என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திருச்சுழி வரும்வரை அவள் பேசவில்லை. கிட்டத்தட்ட 15 கிலோ மீட்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் நடக்கலையாம்ல."

எங்கள் தெருவுக்குக் குழாய் இருக்கிறது. தண்ணீர்தான் எல்லா நாளும் வருவதில்லை. குடிதண்ணீருக்குத் தெருக்கோடியைத் தாண்டி உள்ள தொட்டிக்குப் போக வேண்டும். காலையில் மூன்று நடை, சாயங்காலம் இரண்டு நடை. நாற்பது வருஷமாக நடக்கிறவளைப் பார்த்து நடக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? கோபம் டாக்டர் மேல் அல்ல. அவர் தம் முன்னால் இருந்த எண்ணைப் பார்த்துச் சொன்னார். எண்தான் தப்பு.

மறுநாள் காலை நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலிலிருந்து தொட்டி வரை அளந்தேன். 240 மீட்டர். பிறகு அவள் குடத்தோடு திரும்பும்போது பின்னாலேயே நடந்து காலடிகளை எண்ணினேன். நூறு காலடிக்கு ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிக்கொண்டேன். எதிரே வந்த ஒரு பெண் நின்று, "என்னண்ணே, மதினி பின்னாலயே போறீக, புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி?" என்று கேட்க, என் மனைவிக்குச் சிரிப்பு வந்து குடம் தளும்பிவிட்டது. பரவாயில்லை, கணக்குத் தப்பவில்லை.

மூன்று நடை எண்ணினேன். 412, 405, 398. சராசரி 405. அதே மூன்று நடைக்குக் கடிகாரம் காட்டியது 35, 50, 41. சராசரி 42. ஆக, குடத்தோடு திரும்பும் ஒவ்வொரு நடைக்கும் 363 காலடி விட்டுப்போகிறது. வெறுங்குடத்தோடு கையை வீசிக்கொண்டு போகும்போது ஒழுங்காகத்தான் எண்ணுகிறது.

காரணம் இதுதான். கடிகாரம் காலைப் பார்ப்பதில்லை. அதற்குள் அசைவை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. மேல் கீழ், முன் பின், பக்கவாட்டு என்று மூன்று திசையிலும் கை எப்படி அசைகிறது என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் நடக்கும்போது கை ஒரு தாளத்தில் வீசும். அந்தத் தாளம் தெரிந்தால் "இது நடை" என்று முடிவு கட்டி எண்ணும். சில காலடி தொடர்ந்து வந்தால்தான் நம்பும். அடுப்படிக்குள் நாலு எட்டு, ஆறு எட்டு என்று நடப்பதைப் பாதி விட்டுவிடும். என் மனைவி குடத்தை இடது இடுப்பில் வைத்து, இடது கையால் அணைத்துப் பிடிப்பாள். கடிகாரம் இருப்பதும் அந்தக் கையில்தான். கை குடத்தோடு ஒட்டிக் கிடக்கிறது; தாளம் இல்லை; தாளம் இல்லாததால் நடையும் இல்லை. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறவர், தலைச்சுமையைக் கையால் பிடித்து நடக்கிறவர், கைத்தடி ஊன்றுகிறவர், பெரிய கடைகளில் சக்கரக் கூடையைத் தள்ளுகிறவர் எல்லாருக்கும் இதே கதிதான். பாரம் சுமக்கிற கையின் நடை இந்தக் கணக்கில் ஏறாது. நம் ஊர்ப் பெண்களின் நடையில் பெரும்பகுதி பாரம் சுமக்கிற நடை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நடைக்கு 363 வீதம் 1,815. நான் 1,800 என்று வைத்துக்கொண்டேன். மகள் போனில் சொல்லச் சொல்ல, காலடி என்ற பகுதியைத் திறந்து, 'தரவு சேர்' என்பதை அழுத்தி, தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் போட்டேன். ஐபோனில் உள்ள ஹெல்த் செயலியில் இப்படி நேரடியாகக் காலடியாகவே சேர்க்கலாம். சில கம்பெனிச் செயலிகளில் காலடியைச் சேர்க்க விடமாட்டார்கள். 'நடை' என்று ஒரு பயிற்சியாக, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று எழுதினால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஐபோன் செயலியில் நாம் கையால் எழுதியது 'கையால் எழுதியது' என்ற அடையாளத்தோடே உள்ளே கிடக்கும். கடிகாரம் எண்ணியது தனி, நாம் எழுதியது தனி. ஃபீல்டு புக்கில் கையெழுத்து வைப்பது போலத்தான்.

2,300-உடன் 1,800 சேர்ந்து 4,100. இது சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 2019-இல் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ என்ற அம்மையார் தம் குழுவோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்கள். தினம் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 வரை பலன் கூடியது. அதற்குமேல் சமநிலைக்கு வந்துவிட்டது. அந்த ஆய்வில் அளவிடும் கருவியை இடுப்பில்தான் கட்டினார்கள் என்பதையும் கவனியுங்கள். இடுப்பில் இருந்தால் குடம் வைத்தாலும் அசைவு தெரியும். 2,700, 4,400 என்ற இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் என் மனைவியின் குடம் இருந்திருக்கிறது.

அளந்த தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த டாக்டரிடம் போனோம். அவர் பெருந்தன்மையான மனிதர். முழுக்கப் படித்துவிட்டு, "குடம் எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டார். "15 லிட்டர் பிடிக்கும்" என்றேன். "அப்படின்னா 15 கிலோவை ஒரே பக்கம் தூக்கிக்கிட்டு நாலாயிரத்துல பாதி நடக்கிறாங்க. இவங்களுக்கு இன்னும் ஒரு மணி நேர நடை வேண்டாம், பாரத்தைக் குறைக்கணும்" என்று சொல்லி, முழங்காலுக்கு உட்கார்ந்தே செய்யும் பயிற்சி எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 1,800 காலடி சேர்த்ததில் மருந்துச்சீட்டே மாறியது. இப்போது நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கி, குடங்களை நான் தள்ளிக்கொண்டு வருகிறேன். அதற்கும் கடிகாரம் எண்ணுவதில்லை என்பது வேறு விஷயம்.

நண்பர்களே, காலடியை எண்ணுவது இந்தக் கடிகாரத்தோடு வந்த பழக்கம் அல்ல. நம் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802-இல் லாம்டன் என்ற அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய வேலைதான், பின்னால் இந்தியா முழுவதையும் அளந்த பெரிய நில அளவையாக வளர்ந்தது. அந்தச் சங்கிலி இமயமலையோடு நின்றது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர் போக முடியாது. அதனால் குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த நயின் சிங் என்ற பள்ளி ஆசிரியரைப் பழக்கினார்கள். மைலுக்குச் சுமார் 2,000 காலடி வரும்படி, ஏற்றமோ இறக்கமோ, ஒரே அளவாக எட்டு வைக்கப் பழகினார். 108 மணிகள் இருக்க வேண்டிய ஜபமாலையில் அவருக்கு 100 மணிதான். நூறு காலடிக்கு ஒரு மணி உருட்டுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி. 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் அளந்தது சுமார் 1,200 மைல். அதாவது ஏறத்தாழ 24 லட்சம் காலடி. புளியங்கொட்டையை நான் அவரிடமிருந்துதான் கடன் வாங்கினேன்.

அவருடைய உறவினர் கிஷன் சிங். 1878-இல் கிளம்பி 1882-இல்தான் திரும்பினார். வழியில் ஓரிடத்தில் கொள்ளைக்காரர் பயம். கூட வந்தவர்கள் எல்லாரும் குதிரையில் ஏறிவிட்டார்கள். இவரும் ஏற வேண்டியதாயிற்று. ஏறினால் காலடிக் கணக்கு அறுந்துபோகும். அவர் என்ன செய்தார் தெரியுமா? குதிரையின் வலது முன்னங்கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணிக்கொண்டே போனார். அவர் காலடி விட்டுப்போனது உண்மை. ஆனால் விட்ட இடத்தில் கற்பனையாக ஒரு எண்ணைப் போடவில்லை. வேறு ஓர் அளவைத் தேடிப் பிடித்து அதை எழுதினார். விட்டுப்போன காலடியைச் சேர்க்கிற முறை அதுதான்.

இனி என் கணக்குக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்குத்தான் தயக்கம்.

பட்டியல் தொடங்கிய புதிதில் என் நடை சராசரி 5,200. எங்கள் செட்டில் இரண்டு பேர் 9,000, 10,000 என்று போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் கடிகாரத்தை மின்சாரம் ஏற்றப் போட்டுவிட்டு, மறந்து கண்மாய்க்கரை வரை நடந்து வந்தேன். அன்றைக்கு 2,000 சேர்த்தேன். அது நியாயம், நடந்த நடை. அடுத்த வாரம் பாதி தூரம் நடந்துவிட்டு முழுத் தூரத்துக்குச் சேர்த்தேன். அதற்கடுத்த வாரம் நடக்கவே இல்லை, ஆனாலும் சேர்த்தேன். பிறகு வழக்கமாகிவிட்டது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் எழுதி 8,000-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் படுப்பேன். மகள் அங்கிருந்து, "சூப்பர்ப்பா" என்று அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கைதட்டுவீர்கள்.

ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். நடக்க முடியவில்லை. இருநூறு முந்நூறு மீட்டர் போனதும் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். நின்று யாருடைய காட்டையோ பார்ப்பது போலப் பாவனை செய்வேன். "வயசாயிருச்சு, வாயுப் பிடிப்பு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சர்க்கரை உண்டு. வேலையில் இருந்த காலம் முழுக்கச் சிகரெட் பிடித்தவன். இவற்றையெல்லாம் அறிந்த ஒரு டாக்டரிடம் மதுரைக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். "நடக்கிறதுல ஏதாவது சிரமம் இருக்கா?" என்று கேட்டார். நான் வாயால் பதில் சொல்லாமல் போனைத் திறந்து காட்டினேன். தினம் 8,000. "அருமை, இப்படியே இருங்க" என்றார். நானும் பெருமையாக வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் செருப்புக் கடித்துச் சுண்டு விரலில் ஒரு புண். ஆறவில்லை. கறுத்தது. மறுபடி மதுரை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டார்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. நடந்தால் கெண்டைக்கால் பிடிப்பது, நின்றால் விடுவது, இதுதான் அந்த நோயின் முதல் அடையாளமாம். டாக்டர் என் போனை வாங்கிப் பார்த்தார். கடிகாரம் எண்ணியது தனி, கையால் எழுதியது தனி என்று இருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்து அமைதியாகக் கேட்டார்:

"ஐயா, இதுல எது நீங்க நடந்தது, எது நீங்க எழுதுனது?"

என் மூத்த சர்வேயர் எழுந்து வந்து கேட்டது போல் இருந்தது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் கையால் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். ஃபீல்டு புக்கில் ரப்பர் போடாதவன் முதல் தடவையாக அழித்தது அன்றைக்குத்தான். அழித்து முடித்தபோது அடியில் கிடந்த உண்மைக் கோடு தெரிந்தது. முதல் மாதம் 5,200. இரண்டாம் மாதம் 4,600. மூன்றாம் மாதம் 3,900. நான்காம் மாதம் 3,100. நாலு மாதம், படிப்படியாக இறக்கம். எந்தச் சின்னப் பையன் பார்த்தாலும் "இந்த ஆளுக்குக் காலில் ஏதோ ஆகுது" என்று சொல்லிவிடுவான். அந்த இறக்கத்தைத்தான் நான் தினம் ராத்திரி மண் போட்டு மூடி மட்டம் பண்ணியிருக்கிறேன். நாலாவது மாதம் நான் நடந்தது 3,100, எழுதியது 4,900. நடந்ததைவிட எழுதியது அதிகம்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள். சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் விரல் இருந்திருக்கும் என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. கடிகாரம் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்கத்தான் செய்தார். பட்டியலும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் அந்த 10,000 என்ற எண்ணே யாரும் ஆராய்ந்து வைத்ததல்ல. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருஷம், 1965-இல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் காலடி மானி என்று அர்த்தம். விற்பனைக்காக வைத்த பெயர் உலகம் முழுவதும் விதியாகிவிட்டது. 2025-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் தினம் 7,000 அளவுக்கே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு கடைப்பெயருக்காக விரலைக் கொடுத்தவன்.

இனி, சேர்க்க வேண்டியவர்கள் எப்படிச் சேர்ப்பது? ஒரு சர்வேயராக நான்கு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் காலடியின் நீளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 400 மீட்டர் உள்ள ஓட்டப்பாதையில் இயல்பாக ஒரு சுற்று நடந்து எண்ணுங்கள். 570 வந்தால் உங்கள் காலடி சுமார் 70 சென்டிமீட்டர். கிலோ மீட்டருக்கு சுமார் 1,430. நம் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி வாழ்ந்த திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோ மீட்டர். 70 சென்டிமீட்டர் காலடிக்காரருக்கு அது 20,000 காலடி. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சுற்றியவர் கடிகாரத்தில் குறைவாகத் தெரிகிறதே என்று வருந்த வேண்டாம். தூரம் தெரியும், கணக்கும் தெரியும், சேர்க்கலாம்.

இரண்டாவது, கடிகாரம் ஏற்கெனவே எண்ணியதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சேருங்கள். கடிகாரம் வீட்டில் இருந்தாலும் சட்டைப்பையில் இருந்த போன் எண்ணியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நடை இரண்டு தடவை ஏறிவிடும்.

மூன்றாவது, நடை வேறு, உழைப்பு வேறு. எங்கள் செட்டில் தறிக்காரர் இருக்கிறார். நாள் முழுக்கக் குழித்தறியில் காலால் மிதிக்கிறவர். "அதை எத்தனை காலடின்னு போடலாம்?" என்று என்னைக் கேட்டார். காலடியாகப் போட வேண்டாம். அது உழைப்பு, உழைப்பு என்றே டாக்டரிடம் சொல்லுங்கள். குடத்தின் 15 கிலோவும் அப்படித்தான். எண்ணில் ஏறாததை வாயால் சொல்ல வேண்டும்.

நான்காவது, சேர்த்ததைச் சேர்த்தேன் என்று சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டும்போது, "இதுல இவ்வளவு நான் எழுதுனது, இப்படி அளந்து எழுதுனேன்" என்று சொல்லத் தெரிந்தால் சேருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சேர்க்காதீர்கள். அந்தக் கூச்சம்தான் நமக்குள் இருக்கிற மூத்த சர்வேயர்.

இந்த மேடையில் என் செட்டு நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்கு மாதமும் எனக்குப் பின்னால் தள்ளப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியலில் பார்த்துவிட்டேன். அவர்களுடைய இடத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுமாறு குழுவை நடத்துகிறவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர், "போடா மாப்ளே, நீ வந்து சேர்ந்தியே, அது போதும்" என்கிறார். இல்லை, திருத்த வேண்டும். அடித்து, மேலே எழுதி, நானே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது எனக்கு டாக்டர் சொன்ன வைத்தியமே நடைதான். கால் வலிக்கும்வரை நடக்க வேண்டும். வலித்தால் நிற்க வேண்டும். விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். நேற்று என் கணக்கு 4,700. அதில் நான் எழுதியது ஒன்றும் இல்லை. தொட்டியிலிருந்து வண்டி தள்ளியது கூட அதில் இல்லை. அதைச் சேர்க்கலாமே என்று மகள் கேட்டாள். இன்னும் நான் அதை அளக்கவில்லை. நாளைக் காலையில் என் மனைவி புளியங்கொட்டையோடு என் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எண்ணி முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.